விலகாத இரண்டு

வள்ளியூருக்கு மேற்கே, காற்றாலைகள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் அண்ட அளவை மையம் இருந்தது. வானத்தை ஆராய்கிறவர்கள் என்றால் ராத்திரி கண்விழிப்பவர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. இங்கே அப்படி எதுவும் கிடையாது. சூரியனைச் சுற்றி முப்பத்திரண்டு கலங்கள் மிதந்துகொண்டிருந்தன. பார்ப்பது, கேட்பது, அளப்பது எல்லாம் அவற்றின் பாடு. மையத்தில் இருந்த நாற்பத்தொரு பேரும் காலை ஒன்பதரைக்குக் கைரேகை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மாலை ஐந்தரைக்கு மறுபடி வைத்துவிட்டு பஸ் ஏறினார்கள். பக்கத்துக் காற்றாலைக் கம்பெனி ஆட்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

பிரபஞ்சம் விரிகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். எவ்வளவு விரிந்தது என்பதை முன்பெல்லாம் சுற்றிவளைத்துத்தான் கணக்கிட்டார்கள். வெளிச்சம் எவ்வளவு சிவந்திருக்கிறது, வெடித்த நட்சத்திரம் எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்து ஒரு முடிவுக்கு வருவார்கள். இப்போது கலங்கள் நேராகவே அளந்தன. இரண்டு விண்மீன் திரள்களுக்கு நடுவே போன மார்ச்சில் இவ்வளவு தூரம், இந்த மார்ச்சில் இவ்வளவு என்று, வளரும் பிள்ளையைச் சுவரோடு நிறுத்திக் கோடு போடுகிற மாதிரி. ஆனால் வானத்தின் ஒவ்வொரு திசைக்கும் வருஷத்தில் ஒரு வாரம்தான். அந்த வாரம் போனால் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, வருகிற அளவுகளுக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு பொய் அளவைக் கலந்துவிடுவார்கள். ஆட்கள் விழிப்போடு இருக்கிறார்களா, ஆசைப்பட்டதையெல்லாம் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுகிறார்களா என்று பார்க்கும் சோதனை. முந்தைய இயக்குநர் காலத்தில் ஒரு தப்பான கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவித்துவிட்டு, நாலே மாதத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாபஸ் வாங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. சோளக்கொல்லையில் நிறுத்துவதை நினைத்து யாரோ அதற்குப் 'பொம்மை' என்று பேர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. எந்தத் திசையில், எந்த அளவில், எத்தனை பெரிய பொய் என்பதையெல்லாம் இயந்திரமே குலுக்கிப் போடும். விவரத்தை அதுவே ஒரு தாளில் அச்சடித்து, மடித்து, பழுப்பு உறைக்குள் தள்ளி ஒட்டிவிடும். பொத்தானை அழுத்துகிறவருக்குத் தேதி மட்டும்தான் தெரியும். அவர் உறையின் மேல் அரக்கு வைத்துத் தன் அலமாரியில் பூட்டிவைக்க வேண்டும். யாராவது எதையாவது கண்டுபிடித்தால், கட்டுரையை முழுசாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். கண்டுபிடித்ததே பொம்மை என்றால் கட்டுரை குப்பைக்கூடைக்குப் போகும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படியே போனதில், அங்கே இருந்தவர்களுக்கு எதையும் கேட்டவுடன் நம்பிச் சந்தோஷப்படுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. பெண் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் பொம்மையா என்பார்கள். பிள்ளை பிறந்திருக்கிறது என்றாலும் அதே கேள்விதான். மூத்த ஆய்வாளர் இசக்கிராஜுக்கு மே மாதம் ஸ்கேன் எடுத்துக் கணையத்தில் புற்று என்று சொன்னபோது, கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி வாய்தவறி, "பொம்மை இல்லையே சார்?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட கையோடு அழுதும்விட்டாள். அவர்தான் அவளைத் தேற்றினார்.

"உறையப் பிரிச்சாச்சும்மா. நெசந்தான்," என்றார்.

ஏழு வருஷமாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவள் ஹெப்சிபா. நாற்பத்தாறு வயது. தலை போனாலும் வாயைத் திறக்கமாட்டாள் என்று பேர் எடுத்தவள். அதனால்தான் அந்த வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் அதில் ரகசியமாகக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆறு வருஷத்தில் ஆறு பொம்மை வைத்திருந்தாள். ஆறும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டு, ஆரவாரமாகக் கட்டுரை ஆகி, உறை பிரித்ததும் அடங்கிப்போயிருந்தன. அவள் வைத்த எதுவும் கவனிக்கப்படாமல் போனதில்லை.

இந்த வருஷம் மார்ச் ஒன்பதாம் தேதி பொத்தானை அழுத்தினாள். பொய் அந்த வாரத்து அளவுகளில் எங்கோ ஓர் இடத்தில் கலந்திருக்கும். ஜூலை மாதம் இசக்கிராஜ் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நாலு மாடிப்படி ஏறியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏட்டி ஹெப்சி, ரெண்டு கேலக்ஸி. நடுவுல இருவது கோடி ஒளியாண்டு. வருசத்துக்குப் பதிமூவாயிரம் கோடி கிலோமீட்டர் கூடணுமா?"

"கூடணும் அண்ணாச்சி."

"கூடலட்டி. போன வருசம் எங்க நின்னுதோ அங்கனயே நிக்கி. ரெண்டுக்கும் நடுவுல விரிவே இல்ல."

அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அவள், "எந்தத் தேதி அளவு?" என்று மட்டும் கேட்டாள்.

"மார்ச் பதினொன்னு."

ஹெப்சிபா பொம்மை வைத்த அதே வாரம். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை; அது அவளுக்குப் பழகிய வேலை. "நல்லாப் பாருங்க அண்ணாச்சி," என்று சொல்லி அனுப்பிவிட்டு, பூட்டிய அலமாரியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருஷமாக அவளுக்குப் பக்கத்து அறை மனிதர். சேர்ந்த புதிதில் அவள் செய்த முதல் கணக்குத் தப்பாகப் போனபோது, தப்பைத் தன் பேரில் எழுதிக்கொண்டவர். அவருக்கென்று வைத்தது போல அல்லவா போய் உட்கார்ந்திருக்கிறது இந்தப் பாழாய்ப்போன பொம்மை என்று நினைத்தாள்.

அந்தத் திசைக்குக் கலங்கள் மறுபடி திரும்ப அடுத்த மார்ச் ஆகும். இசக்கிராஜுக்கு அடுத்த மார்ச் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் பிறந்ததும் அவர் மையத்துக்கு வருவது நின்றது. வள்ளியூரில் அவர் வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் திரையை நிறுத்திக்கொடுத்தார்கள். ஒருநாள் ஹெப்சிபா போயிருந்தபோது, அவர் மனைவி கோமதி கஞ்சித் தம்ளரோடு கட்டில் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். தம்ளரை வாங்காமல் அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் மனிதர்.

"வள்ளியூரு இங்கன இருக்கு. நாகர்கோயிலு அங்கன இருக்கு. ரெண்டும் நகரல. நடுவுல கெடக்க ரோடு வளந்துக்கிட்டே போவுது. அதாம்ட்டி விரியுதுன்னு சொல்லுதது."

"அப்போ பஸ் டிக்கெட்டும் கூடிக்கிட்டே போவும். கஞ்சியக் குடிங்க."

"கேளு. உலகத்துல எல்லா ரோடும் வளருது. ஒரே ஒரு ரோடு மட்டும் வளரல. அதத்தான் நான் பாத்திருக்கேன்."

"அது ஏன் வளரலயாம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்கன கெடக்கேன்," என்று சிரித்தவர், சிரிப்பு பாதியில் வலியாக மாற, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கோமதி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தடவினாள். ஹெப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் கோமதி மையத்துக்கே வந்துவிட்டாள். சாப்பாட்டு நேரம். ஹெப்சிபாவைக் கேண்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"அவிய மாத்திரையத் தொடமாட்டேங்காவ ஹெப்சி. வலிக்கிக் குடுத்த மாத்திர. அதப் போட்டா மண்ட மந்தமாயிருதாம், கணக்கு ஓடமாட்டேங்குதாம். முடிச்சிட்டுப் போடுதேங்காவ. துண்டக் கடிச்சிக்கிட்டுக் கெடக்காவ. நேத்து உதட்டக் கடிச்சி ரத்தம்."

"நர்ஸ் என்ன சொல்லுதாங்க மதினி?"

"அந்தப் பிள்ள சொன்னாக் கேக்காவளா? நான் சொன்னாலும் கேக்கமாட்டாவ. நீ சொன்னாக் கேப்பாவ. ஒனக்குப் புண்ணியமாப் போவும், வந்து ஒரு வார்த்த சொல்லு. இருக்கப்போறது எத்தன நாளுன்னு எனக்கும் தெரியும். வலி இல்லாமப் போவட்டும். வேற ஒண்ணும் கேக்கல நான்."

கோமதியைப் பஸ் ஏற்றிவிட்டு, ஹெப்சிபா நேராக இயக்குநர் மீரானின் அறைக்குப் போனாள். மீரான் கெட்டவர் இல்லை. நாற்பத்தொரு பேரின் வேலையைத் தலையில் சுமப்பவர்.

"சார், இந்த வருஷ உறைய முன்னாடியே பிரிக்க முடியுமா?"

மீரான் கண்ணாடியைக் கழற்றினார். "இசக்கிராஜுக்காகக் கேக்குறீங்க."

"ஆமா சார்."

"பிரிச்சா எல்லாருக்கும் தெரியும்படிதான் பிரிக்கணும். அதோட இந்த வருஷ அளவு அத்தனையும் சோதனை இல்லாத அளவாயிரும். வெளியில ஒருத்தன் மதிக்கமாட்டான். அவரே அதுக்குச் சம்மதிக்கமாட்டாரு ஹெப்சிபா. இந்த விதிய எழுதுனதே அவருதான்."

அவள் தன் அறைக்குத் திரும்பினாள். அலமாரிச் சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. யாருக்கும் தெரியாமல் பிரித்துப் பார்த்துவிட்டு வேறு உறையில் போட்டு அரக்கு வைத்தால் பூனைக்கும் தெரியாது. அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஏழு வருஷமாக ஒரு தடவைகூடச் செய்யாத காரியம். கை அதற்கு எழவில்லை. தவிர, எதற்குப் பார்க்க வேண்டும்? அவளுக்குத்தான் தெரியுமே. மார்ச் ஒன்பது அழுத்தினாள், மார்ச் பதினொன்று வந்திருக்கிறது. இருபது கோடி ஒளியாண்டுக்கு நடுவே விரிவு நின்றுபோகுமாம். பொம்மை இல்லாமல் வேறென்ன? தான் வைத்ததை ஒருத்தரும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள், அதே வாரத்தில் உண்மையாகவே ஒன்று வந்திருக்கும் என்பது அவள் நினைப்பில் வரவே இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு வள்ளியூர் வீட்டுக்குப் போனாள். கோமதி அவளை உள்ளே விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். இசக்கிராஜ் தலையணைகளில் சாய்ந்திருந்தார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. திரையில் ஏழாவது பக்கம் திறந்திருந்தது.

"வாட்டி. அது ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு விழுது, அதனாலதான் தூரம் கூடலன்னு ஒருத்தன் கேப்பாம்லா? அதுக்குப் பதில் எழுதிட்டேன். அம்புட்டு தூரத்துல அந்த இழுப்புக்கு வாய்ப்பே இல்ல. பதினோராம் கலத்துக் கடிகாரமும் சரியா இருக்கு. மூணு தடவ பாத்துட்டேன். இன்னும் நாலு பக்கந்தான்."

"மாத்திரையப் போட்டுட்டு எழுதலாம்லா அண்ணாச்சி?"

"போட்டா எழுத்து ரெண்டாத் தெரியுது." மூச்சை இழுத்துக்கொண்டார். "முப்பது வருசமா அளந்து அளந்து, எல்லாம் எல்லாத்த விட்டும் போவுது போவுதுன்னே எழுதிட்டேன் ஹெப்சி. எழுதுத எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. கடைசியில ஒரு எடத்துல போவல. ரெண்டே ரெண்டு. எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு வந்த வலியை ஹெப்சிபா சாகும்வரை மறக்கப்போவதில்லை. அவர் உடம்பு வில்லாக வளைந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் மனிதக் குரலாக இல்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது; கோமதி அங்கே நின்று காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று அடங்குவதற்கு. அடங்கியதும் வியர்வை வழிய, விரலை மறுபடி திரைப்பக்கம் நீட்டினார்.

ஹெப்சிபாவால் பொறுக்க முடியவில்லை.

"போதும் அண்ணாச்சி. அது பொம்மை."

விரல் நின்றது.

"நான் வச்ச பொம்மை. மார்ச் ஒம்பதாம் தேதி வச்சேன். சொல்லக்கூடாதுதான். அதுக்காக நீங்க இப்பிடிக் கெடந்து துடிக்கத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

இசக்கிராஜ் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கில் ஒரு வரியைச் சரிபார்க்கிற பார்வைதான் அது.

"நீ வச்ச தேதி தெரியும், சரி. என்ன வச்சேன்னு ஒனக்குத் தெரியாதுல்லா? உறையப் பாத்தியா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். விதியை எழுதினவர் அல்லவா. இல்லை என்று சொன்னால் அவர் திரும்பவும் எழுத உட்கார்ந்துவிடுவார். நாலு பக்கம் இன்னும் எத்தனை நாளோ. யோசிக்க நேரமே இல்லாமல் வாயில் வந்தது.

"பாத்தேன்."

"பிரிச்சுப் பாத்தியா?"

"பிரிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. உங்க ரெண்டு கேலக்ஸிதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உதடு கோணிற்று. அழப்போகிறார் என்று நினைத்தாள். சிரித்தார்.

"நல்ல பொம்மையா வச்சிருக்கட்டி. என்னையே ஏமாத்திட்டியே." திரையைக் காலால் தள்ளினார். "கோமதிய அந்த மாத்திரைய எடுத்துட்டு வரச் சொல்லு. மையத்துப் பிள்ளைங்ககிட்டச் சொல்லாத. அதுங்க எழுதி முடிக்கட்டும், அதுங்களுக்குப் பழக்கமா இருக்கும்."

மாத்திரை போட்டுப் பதினைந்து நிமிஷத்தில் தூங்கிப்போனார். கோமதி வாசல்வரை வந்து ஹெப்சிபாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது, விதியை மீறினாலும் ஒரு மனிதனுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று ஹெப்சிபா நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் இசக்கிராஜ் இறந்துபோனார். மையத்துக்கு விடுமுறை விட்டார்கள். நாற்பது பேரும் போய்வந்தார்கள்.

மிச்சம் நாலு பக்கத்தை இளையவர்கள் சேர்ந்து எழுதினார்கள். ஹெப்சிபாவும் உதவினாள், உதவாமல் இருந்தால் சந்தேகம் வரும். செத்துப்போன மனிதரின் பேரை முதலில் போட்டு அவர்கள் ராப்பகலாக உழைப்பதைப் பார்க்கும்போது, எப்படியும் கிழித்துப்போடப்போகிற தாளுக்கு இத்தனை பாடா என்று நினைத்துக்கொள்வாள். நவம்பரில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். உறை பிரிக்கத் தேதி வைத்தார்கள்.

அன்றைக்குக் கோமதியையும் அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஹெப்சிபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மீரான் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"உறையப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. இசக்கிராஜ் ஒரு கடிதம் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. இன்னைக்கு, பிரிக்கிறதுக்கு முன்னால, எல்லார் முன்னாலயும் வாசிக்கணும்னு சொல்லி அவங்க வீட்டுல கொடுத்து வச்சிருந்தாரு. நானும் இப்பதான் பார்க்கிறேன்."

ஹெப்சிபா கோமதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசி ஒம்பது நாளும் இதத்தான் எழுதுனாவ," என்றாள் கோமதி மெல்ல. "மாத்திர போட்டுத் தூங்குவாவ. முழிச்சா, எங்க தப்புப் பண்ணேன், எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லிக்கிட்டு நாலு வரி எழுதுவாவ."

மீரான் வாசித்தார்.

"நண்பர்களே, நீங்கள் இப்போது பிரிக்கப்போகிற உறைக்குள் நான் கண்டுபிடித்ததுதான் இருக்கிறது. ஏமாந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் முப்பது வருஷ அனுபவம் உள்ளவன் எப்படி ஏமாந்தான் என்பது உங்களுக்குப் பயன்படும் என்பதால், என் கணக்கில் எங்கெங்கே கண்ணை மூடிக்கொண்டேன் என்று தேடி ஏழு இடங்களை எழுதியிருக்கிறேன். முதலாவது, பதினோராம் கலத்துக் கடிகாரம். மூன்று முறை பார்த்தேன் என்று பெருமையடித்தேன். மூன்று முறையும் ஒரே வழியில்தான் பார்த்தேன். ஆசை உள்ளவன் அப்படித்தான் பார்ப்பான்."

கூடத்தில் சிலர் லேசாகச் சிரித்தார்கள். அவர் குரலே கேட்பது போல இருந்தது. ஒவ்வொரு தப்பாக வந்தது. ஒவ்வொன்றையும் நோகாமல், தன்னையே கிண்டல் செய்துகொண்டு எழுதியிருந்தார். அழுதவர்களும் நடுநடுவே சிரித்தார்கள்.

"ஏழாவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது," என்று மீரான் வாசித்தார். "மற்ற ஆறுக்கும் வாதாடிப் பார்க்கலாம். இதற்கு முடியாது. ஹெப்சிபா உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் வலியில் கிடந்ததைப் பொறுக்கமுடியாமல் செய்த காரியம். உறையில் அரக்கு உடைந்திருப்பதைப் பார்த்து யாரும் அவளைக் குற்றம் சொல்லக்கூடாது. அந்த விதியை எழுதியவன் நான். அவளை மன்னிக்கிற உரிமையும் எனக்கு உண்டு."

நாற்பது முகமும் ஹெப்சிபாவின் பக்கம் திரும்பின. அவள் தலை குனிந்திருந்தாள்.

மீரான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உறையைக் கையில் எடுத்தார். பின்பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"அரக்கு அப்படியே இருக்கே," என்றார்.

அவர் ஹெப்சிபாவைப் பார்த்தார். அவள் தலை நிமிராததால், கத்தரியால் உறையின் ஓரத்தை நறுக்கித் தாளை எடுத்தார். மனசுக்குள் ஒரு தடவை வாசித்துவிட்டு, உரக்க வாசித்தார். வேறு திசை. மார்ச் பதிமூன்று. இரண்டு சின்ன விண்மீன் திரள்களுக்கு நடுவே நடந்த விரிவை நூற்றில் மூன்று பங்கு கூடுதலாகக் காட்டியிருந்தது. இத்தனை மாதத்தில் யார் கண்ணிலும் படாத, உப்புச்சப்பில்லாத பொய்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ, "அப்போ அண்ணாச்சியோடது நெசம்!" என்று கத்தினார். அவ்வளவுதான். நாற்காலிகள் சரிந்தன. இளையவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த சந்தேகமெல்லாம் உடைந்து, சந்தோஷப்படத் தெரியாதவர்கள் சந்தோஷப்படுவது பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

கோமதி மட்டும் அசையவில்லை.

"என்ன ஹெப்சி எல்லாரும் குதிக்காவ? எனக்கு வெளங்கல."

"அண்ணாச்சி பாத்தது பொம்மை இல்ல மதினி. நெசம்."

"நீ பிரிச்சுப் பாத்தேன்னியே."

"பாக்கல."

"பாக்காமலா சொன்ன?"

"மாத்திரையப் போடட்டும்னு சொன்னேன் மதினி. நான் வச்சதுன்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன்."

கோமதி முன்னே மேஜைமேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஹெப்சிபா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்.

"நாந்தானே வந்து கூப்பிட்டேன் ஒன்ன," என்றாள் கோமதி. "வலி இல்லாமத்தான் போனாவ. அத நான் இல்லங்கல. ஆனா ஒம்பது நாளும் தப்பத் தேடிக்கிட்டே கெடந்தாவளே. தப்பே இல்லாத கணக்குலயா தேடுனாவ?"

கோமதி எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஆரவாரத்துக்கு நடுவே வழி கேட்டு வெளியே போனாள். பின்னாலேயே ஓடினாள் ஹெப்சிபா. பஸ் நிறுத்தம்வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பஸ்ஸில் ஏறும்போது கோமதி அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் மீரான் அவளைக் கூப்பிட்டார். நேற்றைய சந்தோஷம் அவர் முகத்தில் பாதிதான் மிச்சம் இருந்தது.

"உறை பிரிக்கிற அன்னைக்கு வாசிச்ச எல்லாத்தையும் கட்டுரையோட சேர்த்துத்தான் அனுப்பணும். விதி அப்படி. இசக்கிராஜ் சொன்ன ஏழு மறுப்பும் போகும். கண்டுபிடிச்சவரே மறுத்திருக்காருன்னா வெளியில அத்தன பேரும் அதத்தான் பிடிச்சுக்குவாங்க. ஏழுக்கும் ஒண்ணொண்ணா நாம பதில் எழுதணும். ஆறுக்கு நம்ம பிள்ளைங்க எழுதிருவாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "ஏழாவதுக்கு..."

"ஏழையும் நானே எழுதுதேன் சார்."

"அதோட உங்க வேலை இங்க இருக்காது ஹெப்சிபா. தெரியும்லா?"

"தெரியும் சார்."

எழுதி முடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. பதினோராம் கலத்துக் கடிகாரத்தை இசக்கிராஜ் பார்க்காத நாலு வழிகளில் பார்த்தாள். நாலிலும் சரியாக இருந்தது. அவர் சந்தேகப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் தோண்டினாள். ஒவ்வோர் இடத்திலும் அவர் முதலில் எழுதியதே சரியாக இருந்தது. சரி என்று எழுதும்போதெல்லாம் அவரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது, பக்கத்து அறைக் கதவு பூட்டியிருந்தது. ஆறாவது மறுப்பு வரைக்கும் நாற்பது பக்கம் ஆகியிருந்தது.

ஏழாவதற்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. "உறையைப் பிரித்துப் பார்த்ததாக நான் அவரிடம் சொன்னது பொய். நான் பார்க்கவில்லை" என்று எழுதி, கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள்.